பிரஷ் வயிற்றுப் பக்கம் போனாலே காதை மடக்கும் குதிரை: தேய்ப்பது, கவனிப்பது எப்படி?

தென்றல்மகள்

எல்லோருக்கும் வணக்கம். ஏழு வயதுப் பெண் குதிரை ஒன்றைப் பராமரிக்கும் பொறுப்பு சமீபத்தில் என்னிடம் வந்திருக்கிறது. சவாரி கொஞ்சம் தெரியும். ஆனால் தினமும் தேய்த்துவிட்டு, குளம்பு பார்த்து, உடம்பைக் கவனித்துக்கொள்வது எனக்குப் புதிது.

கழுத்திலும் தோளிலும் தேய்க்கும்போது அமைதியாக நிற்கிறாள். சேணத்தின் வயிற்றுப்பட்டை கட்டும் இடத்துக்கு பிரஷ் போனதுமே காதுகளைப் பின்னால் ஒட்ட மடக்குகிறாள், வாலை வீசுகிறாள், பின்னங்காலைத் தூக்கிக் காட்டுகிறாள். ஒரு தடவை கழுத்தைத் திருப்பிக் கடிக்கவும் வந்தாள். "அடம்தான், ரெண்டு தட்டு தட்டினால் சரியாகிவிடும்" என்று லாயத்தில் சொல்கிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

எங்கே நின்று எந்த வரிசையில் தேய்த்தால் எனக்கும் அவளுக்கும் ஆபத்தில்லை? அவள் காட்டும் எதிர்ப்புக்கு என்ன அர்த்தம்? தினமும் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

லாயத்துவேலு

தங்கச்சி, தட்டாமல் விட்டது சரியான முடிவு. முதலில் உன் பாதுகாப்பைப் பார்ப்போம்.

குதிரையின் கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய 350 பாகை வரை அதற்குத் தெரியும். தெரியாத இடங்கள் முக்கியமாக இரண்டு: நேர் பின்னால், அப்புறம் நெற்றிக்கும் மூக்குக்கும் நேர் முன்னால். அதனால் எப்போதும் தோள் பக்கமாக, பேசிக்கொண்டே போ. முதலில் தோளில் கை வை. நீ வந்திருப்பது தெரிந்த பிறகு வேலையைத் தொடங்கு.

கட்டும்போது தலைக்கயிற்றில்தான் கட்ட வேண்டும். கடிவாள வாரில் கட்டவே கூடாது, குதிரை பின்னால் இழுத்தால் வாய் கிழிந்துவிடும். ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாக இருக்கட்டும். முதுகு தொடங்கும் மேட்டின் உயரத்தில் கட்டு. தலையை இயல்பாக அசைக்க முடிய வேண்டும், ஆனால் முன்னங்கால் கயிற்றுக்குள் போகும் அளவுக்குத் தளர்ச்சி இருக்கக் கூடாது. கயிற்றை நேராக இரும்பு வளையத்தில் கட்டாமல் நடுவே மெல்லிய சணல் வளையம் ஒன்று வை. மிரண்டு இழுத்தால் சணல் அறும், கழுத்து தப்பிக்கும். கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிப்பதை மட்டும் எந்த அவசரத்திலும் செய்யாதே. அப்படிச் சுற்றிப் பிடித்து விரலை இழந்தவர்கள் உண்டு.

பின்பக்கத்தைக் கடக்க இரண்டே வழி. பிட்டத்தில் கையை வைத்துக்கொண்டு உடம்போடு ஒட்டிப் போகலாம், அல்லது உதை எட்டாத தூரம் விலகிச் சுற்றிப் போகலாம். ஒட்டி நின்றால் காலை வீச இடமிருக்காது, உதை தள்ளுவதோடு நின்றுவிடும். இடைப்பட்ட தூரம்தான் எலும்பை முறிக்கும். காலுக்குப் பக்கத்தில் வேலை செய்யும்போது குந்தலாம், முட்டி போடவோ தரையில் உட்காரவோ கூடாது. சுவருக்கும் குதிரைக்கும் நடுவே மாட்டிக்கொள்ளாதே. காலில் உறுதியான ஷூ கட்டாயம்.

வரிசையைக் கேட்டாய் அல்லவா? குளம்பில் தொடங்கு. அடுத்து ரப்பர் தேய்ப்பானால் வட்ட வட்டமாக. அது உள்ளே படிந்த மண்ணையும் உதிரும் முடியையும் மேலே கொண்டுவரும். சதைப்பிடிப்பான இடங்களில் கொஞ்சம் அழுத்தலாம். முகத்திலும் முட்டிக்குக் கீழேயும் அது வேண்டாம், அங்கே தோலுக்கு அடியில் எலும்புதான் இருக்கிறது. பிறகு கெட்டியான பிரஷால் முடி படியும் திசையில் சுண்டி எடு. கடைசியில் மெல்லிய பிரஷ். உலோகப் பல் வைத்த தேய்ப்பான் லாயத்தில் கிடந்தால் அது பிரஷைச் சுத்தம் செய்வதற்கு, குதிரை மேல் வைக்காதே.

வாலைச் சீவும்போது நேர் பின்னால் நிற்காமல் ஓரமாக நின்று, வாலை உன் பக்கம் இழுத்துக்கொள். நுனியிலிருந்து சிக்கெடுத்து மேலே வா. கண்ணையும் மூக்கையும் துடைக்க ஒரு பஞ்சு, வாலடிக்கு வேறொரு பஞ்சு.

குளம்படி

வேலு அண்ணன் குளம்பை ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார். நான் லாடம் கட்டும் தொழிலில் இருப்பவன், அந்தப் பகுதியை நான் எழுதுகிறேன்.

வாலைப் பார்த்தபடி பக்கவாட்டில் நில்லுங்கள். தோளிலிருந்து கையைக் கீழே வழித்துக்கொண்டு வந்து கணுக்காலுக்கு மேலே லேசாக அழுத்தினால் காலைத் தரும். தராவிட்டால் உங்கள் தோளால் அதன் தோளைச் சற்றுத் தள்ளுங்கள், எடை அடுத்த காலுக்கு மாறும். குளம்பு சுத்தம் செய்யும் கொக்கியைக் குளம்பின் பின்பக்கக் குதியிலிருந்து முன்நுனிப் பக்கமாக, உங்களுக்கு எதிர்த் திசையில் இழுக்க வேண்டும். அடியில் நடுவே முக்கோணமாக, ரப்பர் போல மெத்தென்று ஒரு பகுதி தெரியும். அதன் இரண்டு ஓரப் பள்ளங்களிலும்தான் சாணமும் சிறு கல்லும் அடையும். பள்ளத்தைச் சுத்தம் செய்யுங்கள், அந்த மெத்தென்ற பகுதியைக் குத்தாதீர்கள்.

அப்போதே முகர்ந்தும் பாருங்கள். கறுப்பாகப் பசை போல ஏதாவது வந்து, அழுகிய நாற்றம் அடித்தால் குளம்பு அழுகல் தொடங்கியிருக்கிறது. ஈரத்திலும் லத்தியிலும் நின்றுகொண்டே இருப்பதுதான் பெரும்பாலும் காரணம். தரையைக் காய வைக்காமல் மருந்து மட்டும் ஊற்றினால் திரும்பத் திரும்ப வரும்.

தினமும் நான்கு குளம்புகளையும் உள்ளங்கையால் தொட்டு வையுங்கள். ஒன்று மட்டும் தொடர்ந்து சூடாக இருந்தாலோ, கணுக்காலின் பின்புறம் நாடி வழக்கத்துக்கு மாறாகத் தடதடவென்று அடித்தாலோ உள்ளே ஏதோ கோளாறு. இரண்டு முன்னங்குளம்புகளும் சூடேறி, குதிரை எடையைப் பின்னுக்குச் சாய்த்து, நடக்க மறுத்து நின்றால் அது லேமினைட்டிஸாக இருக்கலாம். குளம்புச் சுவரை உள் எலும்போடு பிடித்து வைத்திருக்கும் திசுக்கள் வீங்கிப் பிரியும் நோய் அது. நடக்க வைத்துப் பார்க்காமல், உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

ஆணி ஏறியிருந்தால் பதற்றத்தில் பிடுங்கிவிடாதீர்கள். மருத்துவர் சீக்கிரம் வர முடியும் என்றால் ஆணி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். எக்ஸ்ரே எடுத்தால் எந்தத் திசையில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று தெரியும். காலை ஊன்றினால் இன்னும் ஆழமாக இறங்கும் நிலையில் இருந்தால் மட்டும், குத்திய இடத்தையும் சாய்வையும் குறித்துக்கொண்டு எடுங்கள். டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று இன்றைக்கே விசாரியுங்கள். அந்த நோய் குதிரைகளைச் சுலபமாகப் பிடிக்கும், வந்துவிட்டால் பிழைப்பது கடினம்.

குளம்பைச் சீவ ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை ஆள் வர வேண்டும். லாடம் இல்லாத குதிரைக்கும் இது பொருந்தும்.

தென்றல்மகள்

வேலு அண்ணா, குளம்படி அண்ணா, ரொம்ப நன்றி. கடிவாளத்தில்தான் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் இங்கே. இன்றைக்கே மாற்றச் சொல்கிறேன். ஆனால் வயிற்றுப்பட்டை இடத்தில் என்ன செய்வது என்று இன்னும் புரியவில்லை. அங்கே தேய்க்காமல் விட்டுவிடலாமா?

ஓய்வுமருத்துவர்

விடக் கூடாதம்மா. அந்த இடம் ஏதோ சொல்கிறது, கேட்க வேண்டும்.

குதிரையால் வலியை வாய்விட்டுச் சொல்ல முடியாது. காதை மடக்குவது, வாலை வீசுவது, காலைத் தூக்குவது, கடைசியில் கடிப்பது என்று படிப்படியாகத்தான் சொல்லும். முதல் படியிலேயே கவனிப்பவருக்கு அடுத்த படிகள் தேவைப்படாது. அடித்து அடக்கினால் எச்சரிக்கை மட்டும் நின்றுபோகும், வலி அங்கேயே இருக்கும். அப்படி எச்சரிக்கையை மறந்த குதிரை ஒருநாள் நேராக உதைக்கும்.

வெறும் கையால் தொடங்குங்கள். விரல் நுனியால் அந்த இடத்தை முடிக்கு எதிர்த் திசையில் விலக்கிப் பாருங்கள். பொருக்கு, புடைப்பு, உண்ணி, முடி கொட்டிய இடம், வயிற்றுப்பட்டை உராய்ந்த புண் எதுவாவது இருக்கலாம். ஈரமான காலத்தில் பாக்டீரியாவால் வரும் ஒரு தோல் நோய் உண்டு. அதில் பொருக்கை எடுத்தால் முடிக்கற்றையும் கூடவே பெயர்ந்து வரும். காய்ந்த பொருக்கை வலுவில் பிய்ப்பது பெரிய வேதனை. கிருமிநாசினிக் கரைசலால் ஊறவைத்து மெதுவாக நீக்கி, அந்த இடத்தை நன்றாக உலர்த்த வேண்டும்.

தோல் சுத்தமாக இருந்தும் எதிர்ப்புத் தொடர்ந்தால் எனக்கு இரைப்பைப் புண் மேல் சந்தேகம் வரும். குதிரையின் இரைப்பை உணவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அமிலத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். அந்த அமிலத்தைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டும்தான் ஊறும். நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் மேயப் பிறந்த உயிருக்கு இரண்டு வேளை தானியம் வைத்துவிட்டு நடுவே பல மணி நேரம் வெறும் வயிற்றில் நிறுத்தினால், இரைப்பையின் மேற்பகுதி அரிபடும். அந்தப் பகுதிக்குப் பாதுகாப்புப் படலம் கிடையாது. வெறும் வயிற்றில் ஓட்டினால் அமிலம் மேலே தெறித்து இன்னும் மோசமாகும். வயிற்றுப்பட்டை கட்டும்போது எதிர்ப்பது, தானியத்தைப் பாதியில் விடுவது, முடி பளபளப்பை இழப்பது, இளைப்பது எல்லாம் சேர்ந்து இருக்கிறதா என்று பாருங்கள். உறுதிசெய்ய எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாயை வைத்து உள்ளே பார்ப்பது ஒன்றுதான் வழி. ஊகத்தில் மருந்து கொடுக்காதீர்கள்.

சேணம் பொருந்தாமல் முதுகில் வலி, விலா எலும்பில் பழைய அடி, பெண் குதிரை என்பதால் பருவச் சுழற்சியில் வரும் அசௌகரியம் இவையும் பட்டியலில் உண்டு.

சேணத்தடி

மருத்துவர் ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் எல்லா எதிர்ப்பும் வலி அல்ல. மெல்லிய தோலுள்ள குதிரைகளுக்கு வயிற்றில் கெட்டி பிரஷ் பட்டால் கூச்சம் தாங்காது. அப்புறம் இன்னொன்று: காலைத் தூக்கியதும் நாம் பயந்து கையை எடுத்தால், "காலைத் தூக்கினால் பிரஷ் போய்விடும்" என்று அது பாடம் படித்துவிடும். பழக்கத்தையும் சரிசெய்ய வேண்டும். மருத்துவரைக் கூப்பிட்டு ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் பலர் அந்த இடத்தைத் தொடாமலே வருடங்களைக் கடத்துவதைப் பார்க்கிறேன்.

ஓய்வுமருத்துவர்

ஒப்புக்கொள்கிறேன். வரிசை மட்டும் மாறக் கூடாது. முதலில் வலி இல்லை என்று உறுதி, அப்புறம் பழக்கம். வலியோடு இருக்கும் குதிரைக்குப் பயிற்சி கொடுத்தால் அது கற்பது மனிதர்களை நம்பக் கூடாது என்பதைத்தான்.

லாயத்துவேலு

பழக்குவதற்கு நான் செய்வதைச் சொல்கிறேன். பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் விரலால் நன்றாகச் சொறிந்துவிடு. குதிரைகள் ஒன்றுக்கொன்று பல்லால் நீவிக்கொள்வது அங்கேதான். அந்த இடத்தில் நீவினால் இதயத் துடிப்பு குறைகிறது என்று 1993-ல் வந்த ஓர் ஆய்வே காட்டியிருக்கிறது. கழுத்து தளர்ந்து, தலை இறங்கி, மேலுதடு நீண்டு துடிக்கத் தொடங்கினால் சுகமாக இருக்கிறது என்று அர்த்தம்.

அங்கிருந்து கையை எடுக்காமல் மெதுவாக வயிற்றை நோக்கி நகர்த்து. காது லேசாகப் பின்னால் திரும்பும் இடத்தில் நின்றுவிடு, அதைத் தாண்டாதே. அது மூச்சு விட்டுத் தளர்ந்ததும் நீயாகவே கையை எடு. இப்போது தளர்ந்து நின்றால் கை போகும் என்ற பாடம் கிடைக்கிறது. சேணத்தடி சொன்ன சிக்கல் இதில் வராது. நாளாக நாளாக எல்லை நகரும். பிரஷ் வேண்டாம், முதலில் கை, பிறகு மெல்லிய துணி, அதற்கப்புறம்தான் மெல்லிய பிரஷ். கெட்டி பிரஷ் அந்த இடத்துக்குத் தேவையே இல்லை.

மழைக்குளம்பு

இந்த இழையிலேயே ஒன்று கேட்டுவிடுகிறேன். சவாரி முடிந்து வேர்த்து நிற்கும் குதிரை மேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும், தண்ணீர் குடிக்கக் கொடுத்தால் வயிற்றுவலி வரும் என்று பழகியவர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

ஓய்வுமருத்துவர்

இரண்டுமே நீண்ட காலம் நம்பப்பட்டவை, இரண்டும் தவறு. 1996 அட்லாண்டா ஒலிம்பிக் கோடை வெப்பத்தில் நடக்கப்போகிறது என்று தெரிந்ததும் குதிரைகளை எப்படிக் குளிர்விப்பது என்று நிறைய ஆராய்ந்தார்கள். உடம்பு முழுக்கக் குளிர்ந்த நீரைத் தாராளமாக ஊற்றுவது பாதுகாப்பானது, பலன் தருவது என்று அப்போதே தெளிவாகிவிட்டது. குதிரை மூச்சிரைத்துச் சூடாக நின்றால் கழுத்து, தோள், பிட்டம் என்று எல்லா இடத்திலும் ஊற்றிக்கொண்டே இருங்கள். ஊற்றி, வழித்து, காத்திருந்து நேரத்தை வீணாக்க வேண்டாம். ஈரத் துணியைப் போர்த்தி விடுவதும் கூடாது, அது சீக்கிரம் சூடாகி வெப்பத்தைப் பிடித்து வைக்கும். குடிக்கத் தண்ணீரும் கொடுங்கள். வியர்வையில் உப்பும் நிறையப் போவதால் உப்புக்கட்டி எப்போதும் எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டுவது வேறு விஷயம். அடிக்கடி போட்டால் தோலின் இயற்கை எண்ணெய் போய்விடும். மழையிலும் குளிரிலும் வெளியே நிற்கும் குதிரைக்கு அந்த எண்ணெய்தான் மேல்சட்டை. அதற்கு மண்ணைத் தட்டிவிட்டுக் குளம்பைப் பார்த்தால் போதும், மெல்லிய பிரஷால் அடிவரை தேய்த்து எண்ணெயை எடுக்க வேண்டாம்.

தென்றல்மகள்

மூக்கைச் சுற்றியுள்ள நீண்ட மீசை முடிகளை அழகுக்காக வெட்டிவிடச் சொல்கிறார்கள். செய்யலாமா?

சேணத்தடி

வேண்டவே வேண்டாம். மூக்குக்கு நேர் முன்னால் அதற்குக் கண் தெரியாது என்று வேலு அண்ணன் சொன்னாரே, அங்கே தீவனத்தையும் தொட்டி விளிம்பையும் அறிவது அந்த முடிகளால்தான். கண்ணைச் சுற்றியிருப்பவையும் அப்படியே. சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பு 2021 ஜூலை 1 முதல், அந்த உணர்முடிகளை வெட்டிய குதிரைகளைத் தன் போட்டிகளில் அனுமதிப்பதில்லை. மருத்துவர் சிகிச்சைக்காக நீக்கியிருந்தால் மட்டும் விதிவிலக்கு.

ஓய்வுமருத்துவர்

முதல் பதிவில் தினமும் எதைப் பார்ப்பது என்று கேட்டிருந்தார், அது விட்டுப்போனது.

நோய் வந்த பிறகு அளந்தால் ஒப்பிட எதுவும் இருக்காது. ஆரோக்கியமாக இருக்கும்போதே ஓய்வு நேரத்தில் சில நாள் அளந்து எழுதி வையுங்கள். வளர்ந்த குதிரைக்கு வெப்பநிலை 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ், நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. நாடியைத் தாடை எலும்பின் உள்விளிம்பில் விரல் வைத்துப் பார்க்கலாம். வெப்பமானியை ஆசனவாயில் வைக்கும்போது ஓரமாக நில்லுங்கள், அதில் ஒரு நூலும் கட்டி வையுங்கள். ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். வயிற்றின் இரண்டு பக்கமும் காதை வைத்தால் களகளவென்று சத்தம் கேட்க வேண்டும். சத்தமே இல்லாத வயிறுதான் பயப்பட வேண்டிய வயிறு.

விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, தரையைப் பறண்டுவது, படுத்துப் புரள்வது, லத்தி போடாதது, தீவனத்தை மறுப்பது இவை வயிற்றுவலியின் அடையாளங்கள். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது என்பதால் இரைப்பை வெடிக்கும் அபாயம் வரை போகலாம். தீவனத்தை எடுத்துவிட்டு உடனே மருத்துவரை அழையுங்கள். அவரைக் கேட்காமல் வலி மருந்து கொடுத்தால் அறிகுறி மறைந்து, அறுவை சிகிச்சைக்கான நேரம் கைநழுவும்.

ஒரு கண்ணை மூடியே வைத்திருந்தால் அதுவும் அவசரம்தான். வீட்டில் கிடக்கும் களிம்பைப் போடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பாக இருந்து, விழியில் கீறலும் இருந்தால் பார்வையே போகலாம்.

மென்ற புல்லை உருண்டையாகக் கீழே துப்பினால் பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம், அதனால் மேல் கடைவாய்ப் பற்களின் வெளிவிளிம்பு தேயாமல் கூராகிக் கன்னத்தைக் கிழிக்கும். வருடத்துக்கு ஒருமுறையாவது பல் பரிசோதனை வேண்டும். குடற்புழு மருந்தைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்காமல், லத்தியில் புழு முட்டைகளை எண்ணிப் பார்த்துக் கொடுப்பதே இப்போதைய முறை. மருந்துக்கு அடங்காத புழுக்கள் பெருகிவிட்டன.

தென்றல்மகள்

மருத்துவர் வந்து பார்த்தார். வயிற்றுப்பட்டை இடத்தில், நீண்ட முடிக்கு அடியில், வெளியே தெரியாமல் பொருக்குகள் இருந்தன. கையால் தேடியபோதுதான் எனக்கே தட்டுப்பட்டது. ஐயா சொன்ன அதே தோல் நோய்தான். கிருமிநாசினிக் கரைசல் கொடுத்திருக்கிறார், சவாரி கிடையாது. தானியத்தையும் பாதியில் விடுகிறாள் என்று சொன்னேன். தோல் ஆறிய பிறகும் எதிர்ப்பு இருந்தால் எண்டோஸ்கோப் பார்க்கலாம் என்றார். அதுவரை நாளெல்லாம் உலர்புல் எட்டும்படி வைத்திருக்கிறேன். முதுகு மேட்டில் சொறிந்துவிட்டால் வேலு அண்ணா சொன்னபடியே உதட்டை நீட்டுகிறாள்!

குளம்படி

நல்ல செய்தி. அவளுக்கென்று பிரஷ், துணி, வயிற்றுப்பட்டை எல்லாவற்றையும் தனியாக வையுங்கள். லாயத்தில் எல்லாக் குதிரைக்கும் ஒரே பிரஷ் போவதால்தான் இதுவும் படர்தாமரையும் பரவுகின்றன. படர்தாமரை மனிதர்களுக்கும் ஒட்டும்.

லாயத்துவேலு

அந்தப் பழைய வயிற்றுப்பட்டையைத் துவைத்து, கிருமிநாசினியில் நனைத்து, வெயிலில் முழுசாகக் காய வைக்காமல் திரும்பக் கட்டாதே தங்கச்சி. பிரஷ்களையும் அப்படியே செய், மரப்பிடி இருந்தால் பிடி மேலாகவும் முடி கீழாகவும் காய வை, இல்லையென்றால் தண்ணீர் இறங்கி மரம் உப்பி முடி கொட்டிவிடும். புண் ஆறும்வரை அந்த இடத்தில் கை மட்டும்தான். எண்டோஸ்கோப் பார்ப்பதாக முடிவானால் அதற்கு முன்னால் எத்தனை மணி நேரம் தீவனம் நிறுத்த வேண்டும் என்று மருத்துவரிடமே கேட்டு வைத்துக்கொள். இரைப்பை காலியாக இருந்தால்தான் உள்ளே தெரியும்.